வியாழக்கிழமை அவுஸ்பில்டுங் (ஜெர்மன் தொழிற்பயிற்சி) நேர்காணல், உதவுங்கள்

கோவைப்பெண்:
வணக்கம். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஊரில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். மெக்காட்ரோனிக்கர் (இயந்திரம், மின்னணு இரண்டும் சேர்ந்த தொழில்) அவுஸ்பில்டுங்குக்கு 31 இடங்களில் விண்ணப்பித்து, ஒரே ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. வியாழன் காலை பேச்சு, அப்புறம் மாலை வரை பட்டறையில் வேலை செய்து காட்ட வேண்டுமாம். என்னதான் பார்ப்பார்கள்? மூன்று நாளாகத் தூக்கமில்லை.

மதுரைக்காரன்:
விசா என்ன? ஜெர்மன் எந்த அளவு? இரண்டையும் சொல்லவில்லையே. டிப்ளமோ முடித்தவர் எதற்கு மறுபடி மூன்றரை வருஷம் படிக்க வேண்டும்? நியூரன்பெர்க்கில், வெளிநாட்டுத் தொழிற்படிப்பை ஜெர்மன் படிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஐஹெச்கே ஃபோஸா என்ற அலுவலகம் இருக்கிறது, அதற்குச் சான்றிதழை அனுப்பி மதிப்பிடச் சொல்லுங்கள்.

ஹாம் அண்ணை:
தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. நான் 1989-ல் வந்தபோது பாஷை ஒரு சொல்லும் தெரியாது. இரண்டு வருஷம் கோப்பை கழுவினேன். முதல் பனிக்குச் சப்பாத்து இல்லை, பிளாஸ்டிக் பையைக் காலில் சுற்றிக்கொண்டு போனேன். உங்களுக்குப் படிப்பு இருக்கு. என் மகளும் இதே தொழில்தான் படிச்சவ. கணக்கிலும் பௌதிகத்திலும் புள்ளிகளைத்தான் பார்ப்பாங்கள்.

சேலத்து ஃபிட்டர்:
அண்ணை, மார்க் எல்லாம் கூப்பிடும் வரைக்கும்தான். என்னிடம் மார்க்ஷீட்டைப் பற்றி ஒரு கேள்வி கூட வரவில்லை. "ஏன் இந்தத் தொழில், ஏன் எங்கள் கம்பெனி" என்றுதான் அரை மணி நேரம் கேட்டார்கள்.

மதுரைக்காரன்:
கிடைத்தாலும் சம்பளம்? 2025-ல் தொடங்கியவருக்குச் சட்டப்படி முதல் வருடக் குறைந்தபட்சம் மாதம் 682 யூரோதான். வாடகைக்கே போதாது.

சேலத்து ஃபிட்டர்:
மெட்டல் கம்பெனிகளில் அதைவிட நன்றாகவே தருகிறார்கள். எனக்குப் பணத்தைவிட விசா நீட்டிப்புதான் வேதனை. அப்பாயிண்ட்மெண்ட்டுக்கு ஐந்து மாதம் காத்திருந்தேன், அப்பா காரியத்துக்குக் கூட ஊருக்குப் போக முடியவில்லை.

பட்டறை அக்கா:
தம்பி, அது பெரிய வலிதான். ஆனால் இந்தப் பெண்ணுக்கு வியாழன் நேர்காணல். நான் பயிற்சிப் பட்டறையில் இருப்பவள், பார்ப்பதைச் சொல்கிறேன்.

ஒரு கம்பியும் வரைபடமும் கொடுத்து அதேபோல் வளைக்கச் சொல்வோம். இல்லையென்றால் இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவச் சொல்வோம். துண்டு அளவுக்கு வந்ததா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். ராவுவதற்கு முன் வரைபடத்தை முழுதாகப் பார்த்தாளா, நடுவில் நிறுத்தி மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாளா, முடித்ததும் மேசையைத் துடைத்தாளா, அதைத்தான் கவனிப்பேன். புரியாததற்குத் தலையாட்டாதே அம்மா. நம் ஊர்ப் பிள்ளைகள் மரியாதை என்று நினைத்துச் செய்யும் தவறு இது. இயந்திரத்தின் பக்கத்தில் புரியாமல் தலையாட்டுபவர் கையை இழப்பார். "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்டவரைத்தான் நான் எடுத்திருக்கிறேன்.

டிப்ளமோ வைத்துக்கொண்டு ஏன் பயிற்சி என்று கட்டாயம் கேட்பார்கள். உண்மையான பதிலை ஜெர்மனில் நான்கு வரி தயார் செய். நீ கையால் செய்த ஒரு பொருளின் படத்தையும் கொண்டுபோ.

கோவைப்பெண்:
அக்கா, நன்றி. ஜெர்மன் மொழித் தேர்வில் பி1 (நடுத்தர நிலை) பாஸ் பண்ணிவிட்டேன். கணவரிடம் புளூ கார்டு (படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருக்கிறது, என் விசா அட்டையில் வேலை செய்யலாம் என்றே போட்டிருக்கிறது. முதலிலேயே சொல்லாததற்கு மன்னியுங்கள். ஃபைனல் இயர் புராஜெக்டில் செய்த கன்வேயர் படம் இருக்கிறது.

மதுரைக்காரன்:
அப்படியென்றால் விசா பிரச்சினை இல்லை. இடம் கிடைத்தால் டிப்ளமோவைக் காட்டி, நீங்களும் கம்பெனியும் சேர்ந்து பயிற்சிக் காலத்தைக் குறைக்க விண்ணப்பிக்கலாம். முதல் நாளே அதைக் கேட்காதீர்கள்.

பட்டறை அக்கா:
கன்வேயரில் எந்தப் பாகத்தை நீயே கடைந்தாய், எது தப்பாகப் போய் மறுபடி செய்தாய் என்பதைச் சொல். முடியைக் கட்டு, வளையல், மோதிரம், தாலிச் சங்கிலி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். சேஃப்டி ஷூ அவர்கள் தருவார்களா என்று இன்றைக்கே மெயில் போட்டுக் கேள், உன் அளவையும் அதிலேயே எழுது.