லிஃப்ட் போட்ட வண்டி, பின் ஸ்வே பார்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

செம்மண் தடம்

யூட்டா மாநிலம் மோவாபில் ஃபின்ஸ் அண்ட் திங்ஸ் பாதையை ஓட்டியவர்களுக்கு அந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. செந்நிறப் பாறை முதுகுகள், ஒன்றில் ஏறி இறங்கினால் அடுத்தது. என்னுடையது ஃபுல் சைஸ் பிக்கப், பின்னால் லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்), சேஸிஸை 4 இன்ச் உயர்த்தும் லிஃப்ட் போட்டது. ஒரு முதுகிலிருந்து குறுக்காக இறங்கும்போது இடது பின் சக்கரம் முழுசாகத் தொங்கியது. அதில் ஒன்றும் இல்லை. சக்கரம் மறுபடி பாறையைத் தொட்டு எடை ஏறியபோதுதான் டங்கென்று ஒரு சத்தம். காதில் கேட்டதைவிடக் காலடியில்தான் அதிகம் உணர்ந்தேன்.

ஸ்வே பார் என்பது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முறுக்குக் கம்பி. அதன் மடங்கிய முனைகள்தான் கை, கை நுனியைச் சேஸிஸோடோ ஆக்சிலோடோ (சக்கர அச்சு) இணைக்கும் குட்டைத் தண்டுதான் லிங்க். படுத்துப் பார்த்தால் அந்த லிங்க் எதிர்ப்பக்கம் புரண்டு கிடக்கிறது. கை முட்டி பின்பக்கமாக மடங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. வண்டியின் எடை அந்தத் தப்பான மடிப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. ஹை-லிஃப்ட் ஜாக்கைப் பின் பம்பரில் கொடுத்துச் சேஸிஸைத் தூக்கி, சக்கரத்தைத் திரும்பத் தொங்கவிட்டு, கம்பியால் நெம்பித்தான் லிங்க்கைப் பழைய பக்கத்துக்குக் கொண்டுவந்தோம்.

லிஃப்ட் போட்ட கடையில் ஸ்பிரிங், ஷாக், பிரேக் ஹோஸ் எல்லாம் மாற்றியிருந்தார்கள். பின் ஸ்வே பாரின் லிங்க் மட்டும் வண்டியோடு வந்த அதே நீளம். சேஸிஸ் 4 இன்ச் மேலே போய்விட்டது, லிங்க் வளரவில்லை, அதனால் பாரின் கை சாதாரணமாக நிற்கும்போதே ஏறக்குறையச் செங்குத்தாக நின்றிருக்கிறது. சக்கரம் இன்னும் கொஞ்சம் தொங்கியதும் கையும் லிங்க்கும் ஒரே நேர்கோட்டுக்கு வந்து, அதைத் தாண்டிப் புரண்டுவிட்டது.

மனசை விட்டுப் போகாதது வேறு. புரண்ட கைக்கும் பிரேக் ஹோஸுக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழைந்தது. மோவாபிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மலை இறக்கம். அந்த ஹோஸ் அறுந்திருந்தால் என்ற நினைப்பு தூக்கத்தில்கூட வருகிறது.

பாரையே தடிமனாக மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன் உங்களுக்கு நடந்ததைக் கேட்க வேண்டும்.

பாலைக்காற்று

எனக்கு நடந்தது கலிஃபோர்னியாவின் டெத் வேலிப் பாலைவனத்தில். உபெஹெபி கிரேட்டரிலிருந்து ரேஸ்ட்ராக் போகும் சாலை, ஏறத்தாழ 27 மைல், முழுக்க வரிவரியான அதிர்வு மண். டயர் கிழியும் என்று எல்லோரும் எச்சரிப்பார்கள், நானும் இரண்டு ஸ்பேர் எடுத்துப் போனேன். கிழித்தது கல் இல்லை.

டீகெட்டில் ஜங்ஷனில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது, வலது பின் லிங்க்கின் கீழ் நட்டு இல்லை. போல்ட்டும் கழன்று விழுந்திருந்தது. லிங்க் மேலே மட்டும் மாட்டிக்கொண்டு ஊசலாடி, அதன் நுனி டயரின் உள்பக்கச் சுவரை வட்டமாகச் சுரண்டியிருந்தது. ரப்பருக்குள் இருக்கும் நூல் வெள்ளையாகத் தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த டயர் புத்தம் புதுசு! குனிந்து உள்பக்கம் பார்க்காமல் இருந்திருந்தால் திரும்பும் வழியில் வெடித்திருக்கும்.

லிங்க்கைக் கம்பியால் சேஸிஸோடு கட்டிவிட்டு, டயரை மாற்றிக்கொண்டு மெதுவாக வந்தேன். இப்போது நைலான் வளையம் உள்ள நட்டுதான் போடுகிறேன். இறுக்கிய பிறகு நட்டிலும் தாங்கியிலும் சேர்ந்தாற்போல ஒரு பெயின்ட் கோடு. கோடு விலகியிருந்தால் நட்டு சுற்றியிருக்கிறது என்று டார்ச் அடித்தாலே தெரிந்துவிடும்.

கிரானைட்

செம்மண் தடம் நண்பரே, தடிமன் பார் வேண்டாம், பாரே வேண்டாம். கழற்றி வைத்துவிடுங்கள்.

கலிஃபோர்னியாவின் ரூபிகான் டிரெயிலில் லிட்டில் ஸ்லூயிஸ் என்ற பாறைப் பகுதி. என் ஜீப் முன்பு பின் பாரோடு அங்கே போனபோது ஒரு பின் சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டு, எதிர்மூலை முன் சக்கரமும் பிடி இல்லாமல், வண்டி இரண்டு சக்கரத்தில் ஆடியது. பக்கத்தில் பாறைச் சுவர். வெளியே நின்று வழி சொன்னவர் கையைக் காட்டி "அப்படியே நில்லுங்கள்" என்று கத்தியது இன்னும் கேட்கிறது. பின் பாரைக் கழற்றிவிட்டுப் போனபோது அதே கல்லில் நான்கு சக்கரமும் படிந்து உட்கார்ந்தன.

2016 முதல் 2023 வரை வந்த டொயோட்டா டகோமா பிக்கப்புக்குத் தொழிற்சாலையிலிருந்தே பின் ஸ்வே பார் கிடையாது. லட்சக்கணக்கான பேர் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறார்களே, கவிழ்ந்தா போகிறார்கள்?

நெடுவழி

கிரானைட் அண்ணே, டகோமாவை வைத்து எல்லா வண்டிக்கும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதற்குப் பின்னால் லீஃப் ஸ்பிரிங். சாய்வை அந்தப் பட்டையே ஓரளவு எதிர்க்கும். பின் பார் இல்லை என்று தெரிந்துதான் முன் பாரையும் ஸ்பிரிங்கையும் வடிவமைத்தார்கள். பின்னால் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டியில், பாரோடு சேர்த்து வடிவமைத்த வண்டியில், அதைக் கழற்றி மேலே 3 இன்ச் லிஃப்டும் கூரையில் கூடாரமும் ஏற்றினால் அது வேறு வண்டி.

எனக்கு நடந்தது நெவாடாவில், ஐ-80 சாலையில், ரீனோ தாண்டி. முன்னே போன டிரெய்லரின் டயரிலிருந்து ஒரு நீளத் துண்டு பிரிந்து என் தடத்தில் விழுந்தது. இடதுபக்கம் வெட்டினேன், வண்டி வலதுபக்கம் சாய்ந்தது. அதுவரை சரி. திரும்ப வலதுபக்கம் ஒடித்தபோதுதான் உயிர் போய் வந்தது. முதல் சாய்வில் தேங்கிய வேகமும் சேர்ந்துகொண்டு, இரண்டாவது சாய்வு இன்னும் ஆழமாக, இன்னும் நேரம் எடுத்து வந்தது. பின் இருக்கையில் என் மகள் ஜன்னல் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டாள். பக்கத்துத் தடத்தில் லாரி. அப்போது என் வண்டியில் பின் பார் இல்லை. இரண்டாம் கையாக வாங்கும்போதே பழைய சொந்தக்காரர் கழற்றியிருந்தார்.

அதன் பிறகு தடிமன் பார் போட்டேன். தடிமன் என்றால் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: பாரின் முறுக்கு விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 25 மில்லிமீட்டர் பாரை எடுத்துவிட்டு 29 போட்டால், பார்வைக்கு 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், விறைப்பு 1.8 மடங்கு. உள்ளே கூடான பார் என்றால் ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். நடுவில் பாதி விட்டத்துக்குத் துளை இருந்தாலும் விறைப்பில் 16-ல் ஒரு பங்குதான் போகும், எடையில் 4-ல் ஒரு பங்கு குறையும்.

ஆனால் முன் பாரை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் மட்டும் ஏகத்துக்கு விறைப்பாக்கினால், வளைவில் பின் சக்கரங்கள் முதலில் பிடியை விடும். ஈரச் சாலையில், பிக்கப்பில் பாரம் இல்லாத நாளில் அது நன்றாகவே தெரியும். கையில் இரண்டு மூன்று துளை உள்ள பார் வாங்குங்கள். லிங்க்கை நுனித் துளையில் மாட்டினால் இளக்கம், உள் துளையில் மாட்டினால் விறைப்பு. நுனியில் ஆரம்பித்துப் பாருங்கள்.

பட்டறைத் தூசி

என் கதை சின்னது. கலிஃபோர்னியா ஜான்சன் வேலியில் ஒரு வறண்ட ஓடையில் பின்னோக்கி எடுத்தபோது, ஆக்சிலில் லிங்க் மாட்டும் காது ஒரு கல்லில் சிக்கியது. காது பற்றவைத்த இடத்தில் ஆக்சில் குழாயையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வந்தது. கியர் எண்ணெய் மணலில் சொட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதிலிருந்து யார் பின் ஸ்வே பார் பற்றிப் பேசினாலும் சொல்வது இதைத்தான்: பார் லேசில் உடையாது, அதன் காதும் லிங்க்கும்தான் அடிபடும். எல்லோரும் பாரின் தடிமனைப் பேசுகிறார்கள், கல்லில் முதலில் படும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை. லிஃப்ட் போட்டால் சேஸிஸ்தான் உயரும். ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும், பெரிய டயர் போட்டால் மட்டும் கொஞ்சம் ஏறும். ஆக்சிலுக்குக் கீழே தொங்கும் காதுக்கு லிஃப்டால் ஒரு நன்மையும் இல்லை.

முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. சமதரையில் சேஸிஸுக்கு ஸ்டாண்ட் கொடுத்து ஆக்சிலை முழுசாகத் தொங்கவிடுங்கள். பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கால் பம்ப் ஸ்டாப் (சக்கரம் மேலேறும் எல்லையில் உள்ள தடை) தொடும்வரை ஏற்றுங்கள். இப்போது இரண்டு பக்கமும் படுத்துப் பாருங்கள். தொங்கும் பக்கத்தில் கையும் லிங்க்கும் நேர்கோட்டுக்கு அருகில் வருகிறதா? வந்தால் லிங்க் குட்டை. ஏறிய பக்கத்தில் கை எதையாவது தொடுகிறதா, ஷாக், எக்ஸாஸ்ட், ஸ்பேர் டயர், பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர்? தொட்டால் லிங்க் நீளம், அல்லது பார் உட்கார்ந்த இடம் தப்பு. அப்புறம் பக்கம் மாற்றி அதையே செய்யுங்கள். வண்டி சாதாரணமாக நிற்கும்போது கை தரைக்கு இணையாகவும் லிங்க் ஏறக்குறையச் செங்குத்தாகவும் இருந்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஷாக்கோ லிமிட் ஸ்ட்ராப்போ (ஆக்சில் அளவுக்கு மீறித் தொங்காமல் பிடிக்கும் பட்டை) முடிவு செய்யட்டும். ஸ்வே பார் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

காப்புத் தகடு போடுபவர்கள் கால் இன்ச் எஃகில் போடுங்கள், முன்னும் பின்னும் சரிவாக. முன்சரிவு மட்டும் இருந்தால் பின்னோக்கி எடுக்கும்போது அந்தத் தகடே கொக்கியாகிவிடும். சேறு வெளியேற ஒரு துளை விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே தேங்கும் ஈரமே காதைத் தின்றுவிடும். முடிந்தால் காதைக் குழாயின் மேல்பக்கத்துக்கு மாற்றுவது எல்லாவற்றையும்விட நல்லது. லிங்க்கை மட்டும் அளவுக்கு மீறிப் பலமாக்காதீர்கள். கல்லில் மாட்டினால் லிங்க் வளையட்டும், ஆக்சில் குழாய் கிழியக் கூடாது. லிங்க் எங்கும் கிடைக்கும்.

புஷ் (பாரும் லிங்க்கும் மாட்டும் இடத்து மெத்தை வளையம்) விஷயம்: பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு சிலிகான் வகை கெட்டி கிரீஸ். ரப்பர் புஷ்ஷுக்குப் பெட்ரோலிய கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப் போய்விடும். ரப்பர் புஷ் உள்ள லிங்க் போல்ட்டை வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். பார் பக்கவாட்டில் நகராமல் இருக்க இரண்டு பக்கமும் காலர் போடுங்கள். நகர்ந்த பார் ஒரு பக்க லிங்க்கைச் சாய்க்கும், அந்தப் பக்கம்தான் முதலில் போகும்.

கிரானைட்

பட்டறைத் தூசி சொன்னதில் எனக்கு ஒன்று ஒத்துவரவில்லை. கை தரைக்கு இணை என்பது சாலைக்குச் சரி. பாறையில் ஓட்டுபவருக்குச் சக்கரம் மேலே போகும் தூரத்தைவிடக் கீழே தொங்கும் தூரம்தான் அதிகம் வேண்டும். அதனால் சக்கரம் தொங்கும்போது கை எந்தப் பக்கம் திரும்புமோ, நிற்கும்போது அதற்கு எதிர்ப்பக்கம் லேசாகப் பார்த்து இருக்கும்படி வைத்தால் புரள்வதற்கு முன் இன்னும் இடம் கிடைக்கும்.

நெடுவழி தம்பி, உங்கள் மகள் கண்ணாடியில் கை ஊன்றியதைப் படித்தபோது சங்கடமாக இருந்தது. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும் வண்டி என்றால் பார் இருக்கட்டும். என் ஜீப் டிரெய்லரில் ஏறித்தான் ரூபிகான் போகிறது, அதை முன்பே சொல்லியிருக்கலாம்.

செம்மண் தடம்

சேஸிஸைத் தூக்கி அளந்து பார்த்தாயிற்று. இடது பக்கம் எல்லோரும் சொன்னபடி லிங்க் குட்டைதான். வலது பக்கம் புதுத் தலைவலி: லிங்க் நீண்டால், சக்கரம் ஏறும்போது கை எக்ஸாஸ்ட் குழாயைத் தொடுகிறது. நீளம் மாற்றக்கூடிய லிங்க் வாங்கியிருக்கிறேன், தடிமன் பார் இப்போதைக்கு வேண்டாம். எக்ஸாஸ்ட்டை வளைத்து ஒதுக்கியவர்கள் யாராவது இருந்தால் படம் போடுங்கள்.

மலைமுகடு

லெக்ஸஸ் ஜிஎக்ஸ் 460 வைத்திருக்கிறேன், கேடிஎஸ்எஸ் (எண்ணெய் அழுத்தத்தில் ஸ்வே பாரை இறுக்கித் தளர்த்தும் டொயோட்டா அமைப்பு) உள்ளது. மேலே சொன்ன பாதி விஷயம் எங்களுக்குப் பொருந்தாது என்பதால் எழுதுகிறேன், இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் படித்துவிட்டு லிங்க்கைக் கழற்றப் போய்விடக் கூடாது.

இதில் முன் பாருக்கும் பின் பாருக்கும் ஒவ்வொரு எண்ணெய் சிலிண்டர், இரண்டையும் குழாய் இணைக்கிறது. வளைவில் வண்டி ஒரே பக்கம் சாயும்போது எண்ணெய்க்குப் போக வழியில்லை, பார் விறைப்பாக நிற்கும். பாறையில் முன் சக்கரமும் பின் சக்கரமும் எதிரெதிராகப் போனால் எண்ணெய் ஒரு சிலிண்டரிலிருந்து மற்றதுக்கு ஓடி, இரண்டு பாரும் தளர்ந்துவிடும். கழற்றவே தேவையில்லை.

எனக்கு நடந்தது லிஃப்ட் போட்ட மறுநாள். வாசலில் நின்ற வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்த என் கணவர் டயரில் காற்று இல்லை என்று நினைத்து பம்ப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான்கு டயரிலும் காற்று சரியாக இருந்தது. சேஸிஸ் ஓரத்தில் உள்ள கேடிஎஸ்எஸ் வால்வுகளை ஆலன் கீயால் சில சுற்று தளர்த்தி, சமதரையில் முன்னும் பின்னும் கொஞ்சம் ஓட்டி நிறுத்தி, பிறகு மூடினோம். பெருமளவு நிமிர்ந்துவிட்டது. மிச்சத்தை ஒரு பக்கக் காயிலுக்கு மெல்லிய ஸ்பேசர் வைத்துச் சரிசெய்தோம்.

பிறகு கொலராடோவில் யூரேக்கு மேலே இமோஜீன் பாஸ் ஏறியபோது, முன் டயர் தூக்கி எறிந்த கல் சேஸிஸ் ஓரத்தில் அடித்த சத்தத்துக்கு நான் வண்டியை நிறுத்தியே விட்டேன். அந்த இடத்தில் எண்ணெய்க் குழாய் போகிறது. காப்புத் தகடு நசுங்கியிருந்தது, குழாய் தப்பித்தது. 13,114 அடி உயரத்தில் அந்தக் குழாய் போனால் இழுத்து வர ஆள் கிடைப்பது கஷ்டம். உங்கள் வண்டியிலும் கேடிஎஸ்எஸ் இருந்தால், காசு செலவழித்துக் காக்க வேண்டியது பார் இல்லை, அந்தக் குழாயும் சிலிண்டரும்தான். வால்வின் துளைகளில் சேறு இறுகினால் ஆலன் கீ நுழையாது, பயணம் முடிந்து கழுவும்போது அங்கேயும் தண்ணீர் அடியுங்கள்.