புதுப்பிப்பு: கிராபிக்ஸ் கார்டில் தெர்மல் பேட் மாற்றுவது

ஆர்டிஎக்ஸ் 3080 கார்டில் மெமரி 110 டிகிரியைத் தொட்டு வேகம் குறைந்தால் தெர்மல் பேட் (சூட்டை ஹீட்சிங்க் என்ற குளிர்விக்கும் உலோகப் பாகத்துக்குக் கடத்தும் மெத்தைப் பட்டை) மாற்றலாம், 1.5 மி.மீ. தடிமனில் வாங்குங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அந்த அளவைப் பொத்தாம்பொதுவாகச் சொன்னது தப்பு. ஒரே கிராபிக்ஸ் சிப் என்றாலும் கார்டுக்குக் கார்டு தடிமன் மாறும். ஒரே கார்டிலேயே மெமரிக்கு ஒன்று, விஆர்எம்முக்கு (சிப்புக்கு மின்சாரத்தைச் சீராகத் தரும் பகுதி) ஒன்று இருக்கும்.

பழைய பேட்டை அழுந்தாத ஓரத்தில் காலிப்பரால் (தடிமன் அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். நடுவில் அளந்தால் குறைவாகத்தான் காட்டும்.

அரை மி.மீ. கூடினாலே ஹீட்சிங்க் சிப்பில் சரியாக உட்காராது. மெமரி குளிரும், ஹாட்ஸ்பாட் (சிப்பிலேயே அதிகம் சூடான இடம்) எகிறும்: சிப் 70, ஹாட்ஸ்பாட் 100 என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம். கழற்றிப் பாருங்கள், சிப்மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் கெட்டியாகக் கிடக்கும். அதற்காக ஸ்க்ரூவை இன்னும் முறுக்காதீர்கள். போர்டு வளையும், சிப்பின் மூலை உடையும். குறுக்கு வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

தடிமன் உறுதியில்லையா? பேட்டுக்குப் பதில் தெர்மல் புட்டி (மாவு போன்ற, சூடு கடத்தும் பொருள்) போடுங்கள், இடைவெளிக்கேற்ப நசுங்கிக்கொள்ளும்.

பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) போடலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி பக்கத்துக் கெபாசிட்டர்மேல் வழிந்தால் ஷார்ட்.