பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அடாப்டரில் பாதியிலேயே நிற்கிறது: உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 24 ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்; ஊசிகள் மை நாடாவின் மீது அடித்து அச்சிடும் வகை. பேரலல் போர்ட் (யூஎஸ்பிக்கு முந்தைய பிரிண்டர் இணைப்பு) மட்டுமே கொண்டது. புதிய கணினியில் அந்த போர்ட் இல்லாததால், யூஎஸ்பியை 36 பின் இணைப்பாக மாற்றும் அடாப்டர் கேபிளைப் பொருத்தினேன். விண்டோஸ் 10 உடனே கண்டுகொண்டது; யூஎஸ்பி001 என்ற போர்ட்டும் வந்துவிட்டது.

சோதனைப் பக்கம் கொடுத்தால் முதல் ஏழெட்டு வரிகள் தெளிவாக அச்சாகின்றன. பிறகு அச்சுத் தலை நடுவழியில் நின்றுவிடுகிறது. இல்லாவிட்டால் பொருளற்ற குறிகளைக் கொட்டியபடி தாளைத் தள்ளிக்கொண்டே போகிறது. பிரிண்டர் மீது எனக்குச் சந்தேகமில்லை. வரி நகர்த்தும் பொத்தானை அழுத்தியபடி அதை இயக்கினால், சுயசோதனைப் பக்கம் ஓர் எழுத்தும் பிசகாமல் வருகிறது.

டிரைவரை (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) நீக்கி மீண்டும் நிறுவினேன். போர்ட் அமைப்பில் இருவழித் தொடர்பை அணைத்தேன். சற்றே முன்னேற்றம், அவ்வளவுதான். எழுத்துகளை மட்டும் அனுப்பும் பொது டிரைவரில் ஆங்கில வரிகள் சரியாக வருகின்றன. ஆனால் அதில் தமிழ் எழுத்துரு வராது, எனக்குத் தேவையோ தமிழ்தான்.

கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்று படி எடுக்க இந்த வகைப் பிரிண்டரால்தான் முடியும். கைவிட மனமே வரவில்லை. கோளாறு அடாப்டரிலா, டிரைவரிலா? இதே சிக்கலைத் தீர்த்தவர்கள் எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். இடையில் ஹப் எதுவும் இல்லை; கணினியில் நேரடியாகத்தான் செருகியிருக்கிறேன்.