பொருள்: ‘மூவ்’ என்பதற்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேணும்)

உப்புவெளி:
ஐயாமாரே, அக்காமாரே, கரைப் பாரந்தூக்கி இயக்கப் பழகும் பிள்ளைகளுக்கான பாடக்குறிப்பைத் தமிழாக்குகிறேன். வெள்ளி அச்சுக்குப் போகுது. திருகோணமலையில் கோதுமையும் சீமெந்துக்கு அரைக்கும் கிளிங்கரும் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். கொள்கலன் பெட்டி தூக்கக் கொழும்புக்குத்தான் போகவேணும். ‘மணிக்கு 30 மூவ்’ என்ற இடத்தில் நிற்கிறேன். பெட்டியைக் கப்பலில் ஏற்றினாலும் ஒரு மூவ், இறக்கினாலும் ஒரு மூவ். ‘மணிக்கு 30 தூக்கு’ என்று எழுதினேன், வகுப்பே சிரிக்குது.

மூதூர்:
நகர்வு. முடிந்தது.

சீனன்குடா:
முடியவில்லை. துறைமுக முற்றத்தில் பெட்டி அடுக்கு மாற்றுவதும் நகர்வுதானே? பட்டினப்பாலையில் சரக்கு நீரிலிருந்து நிலத்துக்கு ‘ஏற்ற’ப்படுகிறது. நமக்கு இறக்கம், புலவருக்கு ஏற்றம்! இரு திசைக்கும் ‘ஏற்றம்’ போதும். கிணற்று ஏற்றமும் அதே வேர். இறைப்பவர் பாட்டிலேயே சால் சாலாக (சால் என்றால் இறைக்கும் வாளி) எண்ணுவார். அந்த ஏற்றத்தைத் துலா என்று யாரும் தொடங்க வேண்டாம், அது வடமொழி.

கன்னியா:
எங்கட அம்மப்பா மிதித்த துலாவுக்கு அது தெரியாது, ஐயா.

கிண்ணியா:
மண் லொறிக்காரர் ‘இண்டைக்கு ஆறு நடை’ எண்டுதான் சொல்ற. நடை எண்டு போடுங்க.

உப்புவெளி:
நல்லாத்தான் இருக்கு. ஆனால் பெட்டியைக் கவ்வும் சட்டமான ஸ்பிரெடர் சிலவேளை இருபதடிப் பெட்டி இரண்டை ஒன்றாகக் கவ்வும். நடை ஒன்று, பெட்டி இரண்டு. எதை எண்ணுவது?

கிண்ணியா:
லொறியில மண்ணளக்கிற கியூப்பும் எண்ணுறம், நடையும் எண்ணுறம். ரெண்டையும் எழுதுங்க.

மூதூர்:
தலைப்பில் ‘இயக்குநர் உற்பத்தித்திறன்’ என்று இருக்கே, அதுதான் எனக்கு உறுத்துது. நான் ஒரு துறைமுகத்தில் கணக்கெழுதியவன். கீழே லொறி வராது, பெட்டி அந்தரத்தில் தொங்கும். கூண்டில் இருப்பவர் கால்மாட்டுக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். வேலை முடிய அவர் பெயருக்கு நேரே மணிக்கு 18 என்று விழும். அவர் எதை உற்பத்தி செய்தார்? ‘பாரந்தூக்கி வீதம்’ என்று எழுதுங்கள். காத்திருப்பைக் கழித்தால் தேறிய வீதம், கழிக்காவிட்டால் மொத்த வீதம். பழி ஆளின் தலையில் விழாது.

சீனன்குடா:
‘வினைத்திறன்’ இருக்கே?

மூதூர்:
அதுவும் ஆளைத்தானே பிடிக்குது!

உப்புவெளி:
தலைப்பு மேலிடம் தந்தது, கை வைக்க ஏலாது. உள்ளே ‘வீதம்’ போடுகிறேன். நடைக்கு நாலு பேர் தனிமடலில் சரி என்றார்கள், நகர்வுக்கு இரண்டு. ‘நடை’ அச்சுக்குப் போகுது. முதல் தடவை மட்டும் பக்கத்தில் ‘மூவ்’ இருக்கும்.

சீனன்குடா:
என் மறுப்பையும் பதிந்து வையுங்கள், தம்பி. நடை என்றால் உரைநடை.

கன்னியா:
துலாவுக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லேல்லை.