புதுப்பிப்பு: பணிப்பெண் வந்தாச்சு

இரண்டாவது குழந்தை பிறப்பதற்குள் பணிப்பெண் வைக்கலாமா, மாமியாரும் நாங்களுமே சமாளித்துவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வைத்துவிட்டோம். ஜாவாக்காரர், ஏற்கெனவே இங்கே சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்.

செலவைப் பற்றித்தான் பலரும் கேட்டீர்கள். சம்பளம் போக மாதம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) லெவி, அதாவது பணிப்பெண் வைப்பதற்கு அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை, ஆனால் வீட்டில் 16 வயதுக்குக் குறைந்த சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளை இருந்தால் சலுகையில் 60 வெள்ளிதான், எங்களுக்கு அது கிடைத்தது. அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய 5,000 வெள்ளி பிணைத்தொகையை ரொக்கமாகக் கட்டவில்லை, இன்சூரன்ஸோடு சேர்த்தே முடிந்தது. முதன்முறை பணிப்பெண் வைப்பவர்களுக்கு மனிதவள அமைச்சு ஒரு வகுப்பு வைத்திருக்கிறது, ஆன்லைனிலேயே முடித்துவிடலாம்.

பணிப்பெண்ணுக்கு ஞாயிறு லீவு என்றதும் மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. வாரம் ஒருநாள் ஓய்வு அவர் உரிமை, அதில் மாதம் ஒருநாளையாவது காசு கொடுத்து ஈடுகட்டவே முடியாது, 2023 முதல் சட்டம் அப்படி என்று கணவர்தான் எடுத்துச் சொன்னார் (நான் சொல்லியிருந்தால் அது வேறு கதை).

அப்புறம் ஒருநாள் குழந்தை வீறிட்டு அழ, பணிப்பெண் தன் சாரோங்கை ஸ்பிரிங்கில் மாட்டி ஏணை கட்டி, ஒரு விரலால் மெல்ல இழுத்துவிட்டபடியே தூங்க வைத்ததை மாமியார் வாசலில் நின்று பார்த்தார். இப்போது இரண்டு பேரும் சேர்ந்தே தேக்கா மார்க்கெட் போகிறார்கள். மூத்தவள்தான் தானும் ஏணையில் படுப்பேன் என்று அடம்பிடிக்கிறாள். ரசம் மட்டும் இன்னும் மாமியார் வசம், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.