கொல்லைப்புறத்தில் ஓடிய ஆறு

மூன்றாம் மாடி:

ஆற்றங்கரைக் குடியிருப்பில் மறக்க முடியாத சந்திப்புகளைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பால்கனியிலிருந்து தெரியும் சூரிய அஸ்தமனத்தைப் போதுமான அளவு எல்லோரும் படம் எடுத்தாகிவிட்டது. நான் சொல்லப்போவது எங்கள் தரைத்தளத்தில் இருக்கும் பெரியவரைப் பற்றி.

நாங்கள் குடிவந்த பிறகு வந்த முதல் பெருமழையில், ஆறு கரைச்சுவரின் விளிம்பை எட்டியது. கட்டடத்தில் பாதிப்பேர் பால்கனியில் நின்று, சுவரைத் தாண்டுமா தாண்டாதா என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கீழே இறங்கியபோது பெரியவரின் வீடு திறந்து கிடந்தது. அவர் ஆற்றின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் மேல் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். "ஆறு வாசல் வழியாக வராது தம்பி. இந்த வழியாகத்தான் வரும்" என்றார்.

சற்று நேரத்தில் சல்லடைத் தட்டு லேசாக ஆடியது. கறுத்த தண்ணீர் கொப்பளித்து மேலே வந்தது. அவர் தட்டைக் கழற்றி, பழந்துணி சுற்றிய மரக்கட்டையை ஓட்டைக்குள் அழுத்தினார். அதன் மேல் தண்ணீர் நிரம்பிய வாளியைத் தூக்கி வைத்தார். பாரம் இல்லாவிட்டால் உள்ளிருந்து வரும் அழுத்தம் கட்டையைத் தள்ளிவிடுமாம். எல்லாம் ஏற்கெனவே கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

விஷயம் இதுதான். தெருவில் பெய்யும் மழை, கரைச்சுவரில் உள்ள துளைகள் வழியாக ஆற்றில் விழுகிறது. துளையின் வாயில் வெளிப்பக்கமாக மட்டும் திறக்கும் கதவு ஒன்று உண்டு. ஆற்று மட்டம் ஏறினால் அது மூடிக்கொள்ளும். ஆறு உள்ளே வராது; ஆனால் தெருத் தண்ணீரும் வெளியே போகாது. கதவிடுக்கில் ஒரு கிளையோ பாட்டிலோ சிக்கி அது மூடாமல் போனால் ஆறே உள்ளே வந்துவிடும். சுவர் கம்பீரமாக நிற்க, சுவருக்குப் பின்னால் தெரு நிரம்பும்.

அன்று கரையை ஒட்டிய எங்கள் தெருவில் கணுக்கால் அளவுதான். இரண்டு தெரு தள்ளி முழங்காலுக்கு மேல். "ஆற்றிலிருந்து தள்ளி இருக்கிறது, பயமில்லை" என்று சொல்லியே வீடு விற்ற இடம் அது. கரை கட்டப்படாத காலத்தில் ஆறு பொங்கி வழியும்போதெல்லாம் கனமான மணலையும் வண்டலையும் முதலில் கரையோரத்திலேயே இறக்கிவிட்டுப் போகும். அதனால் பல ஆறுகளில் கரையோரம் மேடாகவும், அதற்குப் பின்னால் உள்ள நிலம் தாழ்வாகவும் இருக்கும். பெரியவருக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டியதில்லை. எந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

எங்களிடம் வீட்டை விற்றவர், நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தை வைத்தே சுவரின் உயரம் கணக்கிடப்பட்டது என்று பெருமையாகச் சொன்னார். அப்படியென்றால் இன்னும் நூறாண்டு நிம்மதி என்று பொருளில்லை; ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்று பொருள். 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் அத்தகைய வெள்ளம் ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு உண்டு. ஏறக்குறைய நாலில் ஒன்று. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "நான் பார்த்துவிட்டேன். இனி உன் முறை" என்றார்.

படித்துறை:

நானும் அந்தப் பெரியவர் ரகம்தான். எங்கள் பகுதியில் ஆறு என்றைக்கும் கொல்லைப்புறம். வீட்டு வாசல் தெருவைப் பார்க்கும். ஆற்றுப் பக்கம் துணி காயும், உடைந்த நாற்காலி கிடக்கும், கிடங்குகளின் பின்சுவர் இருக்கும், படகு செப்பனிடும் கொட்டகை இருக்கும். நாற்றத்துக்குப் பயந்து அந்தப் பக்கம் ஜன்னல்கூட வைக்கமாட்டார்கள். அந்த நாற்றத்தால்தான் வாடகை குறைவு. வாடகை குறைவு என்பதால்தான் நாலு திசையிலிருந்தும் வந்த நாங்கள் அங்கே ஒன்றாகச் சேர்ந்தோம். பல மொழிக்காரர்கள் கூடி வாழும் பகுதி என்று இப்போது விளம்பரத்தில் போடுகிறார்களே, அது நாற்றம் போட்ட பிச்சை.

தண்ணீர் தெளியத் தொடங்கியதும் கட்டடங்கள் திரும்பி உட்கார்ந்தன. புதியவற்றின் முகப்பு ஆற்றுக்கு. ஜெனரேட்டர் அறையும் குப்பைத் தொட்டியும் எங்கள் தெருவுக்கு.

சந்திப்பைச் சொல்கிறேன். ஒரு காலைப்பொழுது வழக்கம்போலப் படியிறங்கப் போனால், புதுச் சீருடையில் ஒரு காவலாளி. "யாரைப் பார்க்க வேண்டும் ஐயா?" என்றான். "ஆற்றை" என்றேன். அவன் சிரிக்கவில்லை. பதிவேட்டை நீட்டினான். பெயர் எழுதினேன். 'யாரைச் சந்திக்க' என்ற கட்டத்தில் 'ஆறு' என்று எழுதினேன். வீட்டு எண்ணுக்கு ஒரு கோடு. அவன் அதையும் முறையாகப் படித்துப் பார்த்து, நேரம் குறித்துக்கொண்டு உள்ளே விட்டான்.

அப்புறம் தெரிந்தது, அவனும் ஆற்றங்கரையில் பிறந்தவன். ஆறு அரித்து அரித்து, அவர்கள் வீடு இருந்த இடம் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறதாம். தான் காவல் காக்கும் கட்டடத்தை ஒருநாள் மோவாயால் சுட்டிக்காட்டினான். "வளைவின் வெளிப்பக்கத்தில் கட்டியிருக்கிறார்கள் ஐயா. வேகம் அங்கேதான். உள்பக்கம் மணல் சேரும், வெளிப்பக்கம் மண் போகும். கரைக்குக் கல் பதித்திருக்கிறார்கள், சரி. கல்லுக்கு அடியில் யார் பார்க்கிறார்கள்?" அந்தக் கட்டடத்தில் வீடு வாங்கியவர்களில் ஒருவர்கூட இந்த அளவுக்கு ஆற்றைக் கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆறு சுத்தமாவதை எதிர்க்கிறவன் இல்லை நான். சிங்கப்பூர் ஆற்றை 1977இல் சுத்தம் செய்யத் தொடங்கிப் பத்தாண்டில் முடித்தார்கள்; அது சாதனைதான். ஆனால் அந்த ஆற்றில் தலைமுறைகளாகச் சரக்கு ஏற்றிய படகுகளை 1983இல் கடலோரத்தில் உள்ள பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் தெளிந்தபோது அதில் பிழைத்தவர்கள் அங்கே இல்லை. எங்கள் படகுக் கொட்டகைக்கும் அதே கதை. சுத்தியல் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் மனுக் கொடுத்தார்கள். இப்போது அங்கே ஒரு படகைக் கவிழ்த்து வைத்து, அடியில் விளக்குப் போட்டிருக்கிறார்கள். அலங்காரமாம்.

வாடகை வீடு:

அக்கரையில் ஒரு குழந்தை இரவானால் வாய்ப்பாடு ஒப்பிக்கும். அதை நான் பார்த்ததே இல்லை. மொழியும் தெரியாது. ஏற்ற இறக்கத்தை வைத்து வாய்ப்பாடு என்று கண்டுகொண்டேன். ஆறு அத்தனை அகலம், குரல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல. இரவில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது, மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே வரும் என்பது பிறகு தெரிந்தது. கரையில் இருப்பவர்கள் ரகசியம் பேசும்போது நினைவில் வையுங்கள்.

எங்கள் மாடிக்குப் புதிதாக வந்த பெண்ணும் நானும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் புன்னகையிலேயே காலம் தள்ளினோம். அவள் போனில் யாருக்கோ எண் சொல்வதை ஒருநாள் கேட்டேன். அதே சொற்கள்! படிக்கட்டில் வழிமறித்து ஏழாம் வாய்ப்பாட்டைப் பாதிவரை ஒப்பித்தேன். அவள் முதலில் பயந்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்து, மீதியை முடித்தாள். இரண்டு இடத்தில் அக்கரைக் குழந்தைக்குத் தப்பாம்.

எங்கள் கரையை அழகாக்கி நடைபாதை போட்டதும் வாடகை ஏறிவிட்டது. இப்படி அழகாக்கிய இன்னொரு கரையும் நினைவுக்கு வருகிறது. தென் கொரியாவின் சோல் நகரில் சாலைக்கு அடியில் புதைந்திருந்த சொங்கேசொன் ஓடையை, மேலே ஓடிய மேம்பாலத்தை இடித்து 2005இல் திறந்தார்கள். நகரத்தின் நடுவே 5.8 கிலோமீட்டர், படங்களில் கண்ணைப் பறிக்கும். அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைப்பது. நிறுத்தினால் வற்றிவிடும். அந்த ஓடையும் என்னைப்போல் வாடகைக்குத்தான் இருக்கிறது.

புதிய குடித்தனம்:

மூன்றாம் மாடிக்காரருக்கு ஒரு கேள்வி. நாங்கள் தரைத்தளம். கட்டையும் வாளியும் எதற்கு, கழிவுநீர்க் குழாயில் ஒருவழி வால்வு பொருத்தினால் போதாதா?

மூன்றாம் மாடி:

நல்லதுதான், எங்கள் கட்டடத்திலும் பிறகு பொருத்தினோம். ஆனால் பொதுக் குழாயில் வைத்தால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். வெளியிலிருந்து அழுத்தம் வந்து வால்வு மூடியிருக்கும்போது, மேல்மாடிக்காரர் குளித்த தண்ணீருக்கும் போக வழியில்லை. அது உங்கள் வீட்டுக் குளியலறையில்தான் பொங்கும். ஆறு வராத வீட்டுக்குள் ஐந்தாம் மாடி வந்துவிடும். மழைக்கு முன்னால் மூடியைத் திறந்து, வால்வுத் தகட்டில் முடியோ துணியோ சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதனால் எங்கள் கட்டடத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. ஆறு ஏறினால் பெரியவர் குரல் கொடுப்பார். ஒவ்வொரு தளத்திலும் ஒருவர் கதவு தட்டி, குழாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். யார் வீட்டில் எந்த மொழி என்று பார்த்துத்தான் ஆளைப் போட்டோம். நாலாம் மாடிப் பாட்டிக்குக் காதும் கேட்காது, மொழியும் புரியாது. அவர் பேரன் வாளியைக் கவிழ்த்துக் காட்டிப் புரியவைப்பான். ஐந்தாம் மாடியை மட்டும் இப்போது நாள் வாடகைக்கு விடுகிறார்கள். இன்று இரவு அங்கே யார் தங்குவார்கள், அவர்கள் என்ன மொழி பேசுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டுக்குத் தண்ணீர் போகும் குழாயின் திருகு மொட்டைமாடியில் எந்த மூலையில் இருக்கிறது என்று பெரியவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.