டைம்லெஸ், எஸ்12: எதை வாங்கலாம்?

கேள்வி: செவன் ஹெர்ட்ஸ் டைம்லெஸ், லெட்ஷூயர் எஸ்12 ஆகிய இரண்டுமே பிளேனார் (தட்டையான சவ்வு அசைந்து ஒலி தரும்) இயர்போன்கள், ஒலியெழுப்பும் பாகமான டிரைவர் முன்னதில் 14.2 மி.மீ., பின்னதில் 14.8 மி.மீ. வீணையும் மிருதங்கமும் அதிகம் கேட்கும் எனக்கு எது பொருந்தும்?

பதில் 1: அந்த 0.6 மி.மீ. வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டிலும், மின்தடம் பதித்த மெல்லிய சவ்வு காந்தங்களின் புலத்தில் ஏறக்குறைய முழுப்பரப்பிலும் ஒருசேர அசைவதால், மிருதங்கத்தின் தொப்பி (ஆழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) ஒலி குழம்பித் தேங்காமல் உடனே அடங்குகிறது. எஸ்12இன் மேல்சுரங்கள் சற்றுப் பளிச்சென்றிருக்கும். வீணையின் மீட்டுக்கு அதுவே எனக்குப் பிடித்தது.

பதில் 2: ஒலியைவிடக் காதில் அமர்வதைப் பாருங்கள். டைம்லெஸ் தட்டையான வட்ட வில்லை போன்றது. எஸ்12 காதின் மடிப்போடு படியும். கேபிளை இணைக்க முன்னதற்கு எம்எம்சிஎக்ஸ் என்ற வட்டச் செருகி, பின்னதற்கு இருமுனைச் செருகி என்பதால் ஒன்றின் கேபிள் மற்றொன்றில் பொருந்தாது.

கேட்டவர்: என்னிடம் ஏற்கெனவே நல்ல இருமுனைக் கேபிள் ஒன்று இருக்கிறது, ஆகவே எஸ்12 வாங்குகிறேன்.